கோர்ட்டுக்குப் போகும் மூளைப் பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைக்காயம், பக்கவாதம், வலிப்பு வந்தவர்களுக்கு நினைவாற்றல், கவனம், திட்டமிடும் திறன் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று சோதித்துப் பார்ப்பது என் வேலை. சில வருடங்களாக அதில் பாதி கோர்ட் சம்பந்தப்பட்டதாகிவிட்டது. விபத்து இழப்பீட்டு வழக்குகள், சொத்துத் தகராறுகள், எப்போதாவது ஒரு கொலை வழக்கு. குடும்பத்தார், வக்கீல்கள், இந்தத் துறைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. உங்கள் வழக்குக்கான சட்ட ஆலோசனையை உங்கள் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

1. எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு, நியூரோ டாக்டர் பார்த்தாச்சு. அப்புறம் நீங்க எதுக்கு, மேடம்?

ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டும். அந்த மூளையை வைத்துக்கொண்டு ஒருவரால் கடைக்கணக்கு பார்க்க முடிகிறதா, காலையில் சொன்னது மதியம் நினைவில் இருக்கிறதா, அடுப்பில் பாலை வைத்துவிட்டு போன் பேசினால் பால் ஞாபகம் வருகிறதா என்பதெல்லாம் அதில் தெரியாது. பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவரின் மூளை நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாகியிருக்கும், சாதாரண சி.டி. ஸ்கேனில் அது தெரியாமலே போவது உண்டு. ஸ்கேனில் தழும்பு பெரிதாகத் தெரிந்தும் ஆள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதும் உண்டு.

நாங்கள் செய்வது தாளும் பென்சிலும் கட்டைகளும் படங்களும் வைத்துச் செய்கிற சோதனை. நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும், சில சமயம் இரண்டு நாள். வந்த மதிப்பெண்ணை அதே வயதும் அதே படிப்பும் உள்ள, காயமில்லாத மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

2. ஆஸ்பத்திரியில பண்ற டெஸ்டும் கோர்ட்டுக்குப் பண்ற டெஸ்டும் ஒண்ணுதானே?

கட்டைகளும் படங்களும் அதேதான். நான் யாருக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்பது மாறிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் எதிரே இருப்பவர் என் நோயாளி. அவர் நலம் ஒன்றே குறி. கோர்ட் வேலையில் ஒரு கேள்விக்குப் பதில் தேடுகிறேன். அந்தப் பதில் அவருக்கு ஆகாததாகவும் இருக்கலாம்.

இதை முதல் ஐந்து நிமிடத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "இன்னைக்கு நான் உங்களுக்கு வைத்தியம் பார்க்கலை. உங்க வக்கீல் கேட்டதால சோதிக்கிறேன். நீங்க சொல்றது ரிப்போர்ட்ல வரலாம், ஜட்ஜும் படிப்பார், எதிர்த்தரப்பும் படிக்கும். முடிவு உங்களுக்குச் சாதகமாவும் வரலாம், பாதகமாவும் வரலாம். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன்னு சொல்லலாம். சொல்லலைன்னு நான் எழுதுவேன்." பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொல்வேன். சிலர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இது அத்தனையும் மறந்து, "டாக்டரம்மா, எப்போ குணமாகும்?" என்பார்கள். நினைவு குறைந்தவரிடம் ஒரு தடவை சொல்லிக் கையெழுத்து வாங்கியதைச் சம்மதம் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

கோர்ட்டே உத்தரவு போட்டு அனுப்பியிருந்தால் சம்மதம் கேட்பது வெறும் சடங்காகிவிடும். அப்போதும் மேலே உள்ளதை முழுதாகத் தெரிவிக்கும் கடமை குறையாது.

3. நான் எம்.எஸ்சி. சைக்காலஜி. டெஸ்ட் கிட் வாங்கிட்டேன். ரிப்போர்ட் கொடுக்கலாம்ல?

கொடுக்க வேண்டாம். 1992-ம் வருட இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தின் 13-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் மறுவாழ்வுத் தொழில் செய்யலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அந்தப் பட்டியலில் வருகிறார். ஊனம் தொடர்பான விஷயத்தில் கோர்ட்டில் நிபுணர் சாட்சி சொல்லவும் அந்தப் பதிவு வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பதிவு இருந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. பதட்டத்துக்கும் மனச்சோர்வுக்கும் நல்ல சிகிச்சை தருகிற எத்தனையோ பேருக்குத் தலைக்காயம் ஆறும் போக்கு தெரியாது. கூண்டில் ஏறியபின் அது வெளியே வந்தால் உங்களைவிட, உங்களை நம்பி வந்தவருக்குத்தான் நஷ்டம்.

4. ஆறு மாசமா என் பையனை நீங்கதான் பார்க்கறீங்க. நீங்களே கோர்ட்டுக்கு வந்து சொல்லிடுங்களேம்மா.

மறுக்கவே மனசு வராத கேள்வி இதுதான். அந்தத் தாய் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் ஆறு மாதம் சிகிச்சை தந்த நான் அந்தப் பையன் சொன்னதை நம்பித்தான் வேலை செய்திருப்பேன். நம்பாமல் சிகிச்சை நடக்காது. கோர்ட்டுக்கு மதிப்பிடுகிறவர் அதே பேச்சைச் சந்தேகத்தோடு கேட்க வேண்டும், பள்ளிப் பதிவேட்டைத் தோண்ட வேண்டும், நடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டு வேலையும் ஒரே ஆள் செய்தால் இரண்டுமே கெடும். அந்தப் பையன் இடத்தில் நான் இருந்தால், எனக்குப் பாதகமாக எழுதியவரிடம் அடுத்த வாரம் பயிற்சிக்குப் போவேனா?

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தொழில் நெறி இரண்டையும் பிரித்து வை என்கிறது. நம் கோர்ட்டுகளோ சிகிச்சை தந்தவரைத்தான் அதிகம் நம்புகின்றன. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம், காயம்பட்டவருக்குச் சிகிச்சையே தராமல், ஒழுங்காகச் சோதிக்காமல் தயாராக ஊனச் சான்றிதழ் நீட்டுகிற டாக்டர்களிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்குச் சொன்னது. அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது; அப்படிப்பட்ட சான்றிதழ்களை நானும் பார்த்திருக்கிறேன், பெயரை மட்டும் மாற்றி அதே பத்தி.

நான் செய்வது இவ்வளவுதான். சம்மன் வந்தால் போவேன். எந்தத் தேதியில் பார்த்தேன், என்ன சோதனை, என்ன மதிப்பெண், என்ன முன்னேற்றம் என்று பார்த்ததைச் சொல்வேன். "விபத்தினால்தான் இப்படி ஆனதா, இனி இவரால் சம்பாதிக்க முடியுமா" என்று அபிப்பிராயம் கேட்டால், நான் சிகிச்சை தந்தவள், அதற்குத் தனியாக ஒருவர் மதிப்பிட வேண்டும் என்று பதில் சொல்வேன். மருத்துவக் குழுவுக்கு அனுப்பும்படி கேட்க வக்கீலுக்கு வழி இருக்கிறது.

5. மெமரி 40 பர்சென்ட் போயிடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும்.

நினைவாற்றல் குடத்துத் தண்ணீர் மாதிரி இருந்தால் எத்தனை படி குறைந்தது என்று சொல்லிவிடலாம். எங்கள் மதிப்பெண் சதமான வரிசையில் வரும். ஒருவர் ஐந்தாம் சதமானத்தில் இருக்கிறார் என்றால், அவரைப் போன்ற நூறு பேரை நிறுத்தினால் கடைசி ஐந்து பேரில் ஒருவர் என்று பொருள். அதைப் படித்துவிட்டு "95 பர்சென்ட் போயிடுச்சு" என்று அழுதுகொண்டே வந்த குடும்பம் உண்டு. அந்த வரியை அப்படியே கோரிக்கை மனுவில் எழுதிய வக்கீலும் உண்டு.

40 என்ற எண் வேறு இடத்திலிருந்து வருகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீதம் எல்லைக்கோடு. அந்தச் சான்றிதழைத் தருவது அரசு அறிவித்த மருத்துவ அதிகாரிகள். மனநோய்க்கு 'ஐடியாஸ்' என்ற அளவுகோல் இருக்கிறது. தன்னைக் கவனித்துக்கொள்வது, உறவுகள், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பகுதிகளைப் பார்க்கும். ஒரு நினைவாற்றல் சோதனையின் மதிப்பெண்ணை எடுத்து அந்தச் சதவீதமாக மாற்றச் சூத்திரம் கிடையாது.

இழப்பீட்டு வழக்கில் வருமான இழப்பு எவ்வளவு என்பதோ தீர்ப்பாயத்தின் முடிவு. முந்தைய பதிலில் சொன்ன தீர்ப்பிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. இடது கை போனால் ஊனம் 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் வருமானம் முழுதுமே போகலாம். அரசு அலுவலக கிளார்க் என்றால் வேலையே போகாமலும் இருக்கலாம். மூளைக்கும் அதேதான். கவனம் கொஞ்சம் சிதறுவது கிரேன் ஓட்டுபவருக்கு ஒரு மாதிரி, பெட்டிக்கடைக்காரருக்கு வேறு மாதிரி. அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, இவரால் எந்த வேலையின் எந்தப் பகுதியைச் செய்ய முடியாது என்று எழுதுகிறேன். தீர்ப்பாயத்துக்கு உபயோகப்படுவதும் அதுதான்.

6. ஆள் நடிக்கிறாரான்னு பார்த்தவுடனே கண்டுபிடிச்சிடுவீங்களா?

பார்த்தவுடனே முடியாது. "இத்தனை வருஷ அனுபவம், முகத்தைப் பார்த்தாலே தெரியும்" என்று சொல்கிறவரிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். நியூயார்க் மாஃபியா தலைவர் வின்சென்ட் ஜிகாண்டே பல வருடம் குளியல் அங்கியோடு கிரீன்விச் வில்லேஜ் தெருக்களில் முணுமுணுத்தபடி நடந்தார். அவருக்கு மனநோய், மறதிநோய் என்று பேர்பெற்ற நிபுணர்களே சாட்சி சொன்னார்கள். 2003-ல் அத்தனையும் நடிப்பு என்று கோர்ட்டில் அவரே ஒத்துக்கொண்டார்.

அதனால்தான் முயற்சியைச் சோதிக்கவென்றே தனிச் சோதனைகள் வந்தன. பார்வைக்குக் கடினமாகத் தெரியும். உண்மையில் நிஜமாகவே காயம்பட்டவர்களில் பெரும்பாலோர் சுலபமாகச் செய்துவிடுவார்கள். ஒன்றுக்கு மேற்பட்டதை, நாளின் வெவ்வேறு நேரத்தில் வைப்போம். கோர்ட்டுக்கான சோதனையில் இவை இல்லையென்றால் அந்த ரிப்போர்ட்டை எதிர்த்தரப்பு நிபுணர் பத்து நிமிடத்தில் கிழித்துவிடுவார்.

7. அந்த டெஸ்ட் பேர் என்ன? எத்தனை மார்க் எடுத்தா பாஸ்? கிளையன்டைக் கொஞ்சம் ரெடி பண்ணிக் கூட்டிட்டு வர்றேன்.

சொல்ல மாட்டேன். இந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. சோதனையின் உள்ளடக்கம் வெளியே போனால் அது செத்துவிடும். புதிதாக ஒன்று செய்ய வருடக்கணக்கில் ஆகும். 1979-ல் டெட்ராய்ட் எடிசன் நிறுவனம் தன் தேர்வுக் கேள்விகளைத் தொழிற்சங்கத்திடம் தர மறுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே நிறுவனத்தின் பக்கம் நின்றது.

உங்கள் கட்சிக்காரரைத் தயார்ப்படுத்த ஆசையென்றால் இதைச் சொல்லி அனுப்புங்கள்: முந்தைய இரவு நன்றாகத் தூங்கட்டும். கண்ணாடி, காது மெஷின் மறக்க வேண்டாம். வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வரட்டும். தெரிந்ததை முழு மனதோடு செய்யட்டும்.

8. முயற்சி டெஸ்ட்ல ஃபெயில் ஆயிட்டார். அப்போ பொய்காரர்னு எழுதிடலாமா?

புதிதாக வந்தவர்கள் கேட்பது. அவசரப்படாதீர்கள். கடுமையான மறதிநோய், அறிவுத்திறன் குறைபாடு, சொன்னது புரியாதது, காய்ச்சல், தூக்கக் கலக்கம் என்று எத்தனையோ காரணத்தால் அந்த மதிப்பெண் குறையலாம். பள்ளிக்கே போகாதவரிடம் இந்தச் சோதனைகள் தவறாகக் குற்றம் சாட்டும் வாய்ப்பும் கூடுதல்.

ஒரே ஒரு சூழ்நிலையில் கணக்கு கொஞ்சம் கறாராகப் பேசும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 50 கேள்விகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு சொன்னாலே சுமார் 25 சரியாக வரும். ஒருவர் 10 அல்லது அதற்கும் குறைவாக எடுத்தால், அது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்ற அளவு. சரியான விடை தெரிந்துதான் தவறானதைத் தொட்டிருக்கிறார் என்று சொல்ல அப்போது இடமுண்டு. அப்படிப்பட்ட மதிப்பெண் அபூர்வம். பெரும்பாலும் நடுவில் எங்கோ நிற்கும்.

ஸ்லிக் என்ற நரம்பு உளவியலாளரும் சகாக்களும் 1999-ல் வகுத்த அளவுகோல்கள் இதற்குத்தான். ஆதாயம் இருக்கிறதா, சோதனைகளில் சான்று இருக்கிறதா, அவர் சொல்வது பதிவேடுகளோடு முரண்படுகிறதா, வேறு எதுவும் இதை விளக்கிவிடுமா என்று படிப்படியாகப் போகும். பின்னால் திருத்தியும் விட்டார்கள். சந்தேகமான இடத்தில் நான் எழுதுவது: "இன்று கிடைத்த மதிப்பெண்கள் இவருடைய உண்மையான திறனைக் காட்டுவதாகக் கொள்ள முடியாது." அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. நிஜமான காயமும் இருந்து, அதோடு கொஞ்சம் மிகைப்படுத்துகிறவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும்போது, நம் கஷ்டம் இவர்களுக்குப் புரியவேண்டுமே என்ற பயத்தில் வருவது அது.

9. எங்கப்பா பள்ளிக்கூடமே போகலை. அவரைப் படிச்சவங்களோட ஒப்பிட்டா நியாயமா?

நியாயமே இல்லை. பென்சிலையே பிடித்திராதவர் படம் வரைந்ததை வைத்து மூளைக் காயம் என்று எழுதப்பட்ட ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கிறேன். பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2004-ல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் பள்ளி செல்லாதவர்களுக்கும் தனி ஒப்பீட்டு அளவுகள் இருப்பது பெரிய ஆறுதல். எண்ணும் எழுத்தும் மாறிமாறி வருகிற சோதனைக்குப் பதில் வண்ண வட்டங்களை இணைக்கிற சோதனையை அதில் சேர்த்ததும் அந்த யோசனையில்தான். அப்படியிருந்தும் சண்டிகரில் வகுத்த அளவை அப்படியே தேனி விவசாயிக்குப் போடுவது இன்னும் நடக்கிறது.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது பணத்தையே மாற்றிவிடும். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்., தலையில் அடிபட்ட முன்னாள் வீரர்களுக்கு இழப்பீடு தருகிற ஒப்பந்தத்தில் கறுப்பின வீரர்களின் மதிப்பெண்ணைத் தனி அளவோடு ஒப்பிட்டார்கள். அந்த அளவு கறுப்பின வீரர் தொடக்கத்திலேயே குறைந்த திறன் உள்ளவர் என்று வைத்துக்கொண்டது. அதனால் ஒரே மதிப்பெண்ணுக்கு வெள்ளையருக்குச் சரிவு, கறுப்பருக்குச் சரிவில்லை. 2020-ல் இரண்டு வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 2021-ல் அதைக் கைவிடுவதாக லீக் சொன்னது. 2022-ல் கோர்ட் மாற்றத்தை ஏற்றது. படிப்புக்கேற்ப ஒப்பிடுவது நியாயம் தேடுகிற வழி. ஆனால் 'இவர்களுக்கு இவ்வளவுதான் வரும்' என்று முன்கூட்டியே எழுதிவைப்பதாக அது எப்போது மாறுகிறது என்று கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காயத்துக்கு முன் எப்படி இருந்தார் என்று கணிப்பதில் இன்னொரு தமிழ்த் தொல்லை உண்டு. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் பொருந்தாத சொற்களைப் படிக்கச் சொல்லிப் பழைய அறிவுத்திறனைக் கணிப்பார்கள். தமிழில் எழுத்துக் கூட்டத் தெரிந்தால் அர்த்தம் தெரியாத சொல்லையும் வாசித்துவிடலாம், அந்த வித்தை செல்லாது. ஆகவே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், வேலைக்குப் போன வரலாறு, சீட்டுக்கணக்கு நோட்டு, எதை எவ்வளவு நன்றாகச் செய்தார் என்று ஊரார் சொல்வது, எல்லாம் வேண்டும். அப்பா படிக்காதவர் என்றால் கேளுங்கள்: மாட்டுச் சந்தையில் விலை பேசுவது யார்? வட்டிக்கணக்கு மனசிலேயே போடுவாரா? அதுதான் அவருடைய மார்க் ஷீட்.

10. 20 டெஸ்ட்ல ரெண்டு மூணு குறைவா வந்திருக்கு. மூளைக் காயம் உறுதிதானே?

இல்லை. கடைசி ஐந்து சதவீதத்தைக் 'குறைவு' என்று வைத்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை நல்ல ஆரோக்கியமான ஒருவருக்கு வைத்தால், குறைந்தது ஒன்றிலாவது அவர் குறைவாக எடுக்கும் வாய்ப்பு 64 சதவீதம். நிஜத்தில் சோதனைகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை, அதனால் எண் கொஞ்சம் மாறும். ஆனால் சங்கதி மாறாது: எல்லாருக்கும் எங்கோ ஒரு பள்ளம் இருக்கும். என்னை உட்காரவைத்தாலும் இருக்கும்.

குறைவுகள் ஒரே திசையில் போகின்றனவா, காயம்பட்ட இடத்தோடு பொருந்துகின்றனவா, வீட்டில் நடப்பதோடு ஒத்துவருகின்றனவா என்று பார்க்க வேண்டும். காலப்போக்கும் முக்கியம். லேசான தலையடியில் பெரும்பாலோர் மூன்று மாதத்துக்குள் தேறிவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்து இன்னும் மோசமாகிறது என்றால் தூக்கம், வலி, குடி, மனச்சோர்வு என்று வேறு இடத்திலும் தேட வேண்டும்.

11. ஆள் ஒடிசாக்காரர். சைட் மேஸ்திரியே மொழிபெயர்க்கறேன்னு சொல்றார், பரவாயில்லையா?

கூடாது. விபத்து அவர் சைட்டில்தான் நடந்தது. சொந்தக்காரர் மொழிபெயர்த்தாலும் இதே கதை. "அவன் சொல்ல வர்றது என்னன்னா" என்று அவரே பதில் சொல்லிவிடுவார். வழக்கில் சம்பந்தமில்லாத, அந்த மொழி தெரிந்த ஒருவர் வேண்டும். அப்போதும் சொற்களை நம்பிய சோதனைகளைத் தவிர்த்து, தவிர்த்ததை ரிப்போர்ட்டில் சொல்லிவிட வேண்டும். அந்த மொழி பேசுகிற சோதகர் இருக்கும் ஊருக்கு அனுப்ப முடிந்தால் அது இன்னும் நல்லது.

12. கொலை பண்ணும்போது புத்தி சரியில்லைனு உங்க டெஸ்ட் நிரூபிக்குமா?

என் சோதனை இன்றைய மூளையைப் பற்றியது. சட்டம் கேட்பது அன்றைய நிமிடத்தைப் பற்றி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு. மனநிலை பிறழ்ந்ததால், செய்கிற செயலின் தன்மையோ அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதோ அந்த நேரத்தில் அறிய இயலாதவராக இருந்தாரா என்பதே அதன் கேள்வி. நோய் இருந்தது என்பதாலேயே இது நிரூபணமாகாது. நிரூபிக்கும் பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவர் தரப்புக்கு. அன்று என்ன பேசினார், ஓடினாரா, ஒளிந்தாரா, முன்பு என்ன சிகிச்சை என்ற சாட்சியங்களே அதிகம் பேசும். நான் சேர்க்க முடிந்தது ஒரு சின்னத் துண்டு.

விசாரணையைத் தாங்கும் நிலையில் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. தன்மேல் என்ன குற்றச்சாட்டு என்று புரிகிறதா, வக்கீலிடம் விவரம் சொல்ல முடிகிறதா என்பது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367-ம் 368-ம் பிரிவுகள் இதற்கு. இதில் எங்கள் சோதனைக்கு நேரடி உபயோகம் உண்டு, ஏனென்றால் கேள்வியே இன்றைய திறனைப் பற்றியது. இரண்டு கேள்வியையும் ஒரே ரிப்போர்ட்டில் குழப்பி எழுதுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

13. பேசிட்டிருக்கும்போது "நான்தான் குத்தினேன்"னு சொல்லிட்டார். எழுதணுமா?

உங்களைக் கேட்ட கேள்வி என்ன என்று முதலில் பாருங்கள். விசாரணையைத் தாங்குவாரா என்பதுதான் கேள்வி என்றால் அந்த வாக்குமூலம் பதிலுக்குத் தேவையில்லை. நான் எழுத மாட்டேன். அமெரிக்காவில் நடந்தது ஒரு பாடம். டாக்டர் கிரிக்சன் என்ற மனநல மருத்துவர், விசாரணையைத் தாங்குவாரா என்று பார்க்கவென ஒரு கைதியைச் சந்தித்தார். பிறகு அந்தச் சந்திப்பை வைத்தே, இவர் எதிர்காலத்திலும் ஆபத்தானவர் என்று மரண தண்டனைக் கட்டத்தில் சாட்சி சொன்னார். பேசுவது எதிராகப் பயன்படும் என்று கைதியிடம் யாரும் சொல்லவில்லை. 1981-ல் எஸ்டெல் எதிர் ஸ்மித் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. கிரிக்சனை 1995-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நீக்கியது.

அதற்காக "நான் சொல்லவே மாட்டேன்" என்று கைதியிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் உள்ள ரகசியப் பாதுகாப்பு நமக்குச் சட்டத்தில் இல்லை. கூண்டில் நேராகக் கேட்டு, பதில் சொல்லும்படி ஜட்ஜ் உத்தரவிட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 23-வது பிரிவு ரகசியம் காக்கச் சொல்லிவிட்டு விதிவிலக்குகளையும் அடுக்குகிறது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தகவல் சொல்லாமல் இருப்பதே குற்றம். இவ்வளவும் தெரிந்துதான் இரண்டாம் கேள்வியில் உள்ள முன்னுரையைச் சொல்ல வேண்டும். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே பாதி நேரம் வராது.

14. பிரெயின் மேப்பிங், நார்கோ எல்லாமும் உங்க வேலைதானே மேடம்?

இல்லை. போலீஸ்காரர்கள்கூடக் கேட்கிறார்கள். குற்றத்தின் நினைவு மூளை அலையில் தெரியும் என்று சொல்கிற சோதனைக்கும் எங்கள் வேலைக்கும் பெயரில் மட்டும்தான் உறவு. 2008-ல் புனேயில் ஒரு கொலை வழக்கில் அந்த வகைச் சான்றும் சேர்ந்து தண்டனை ஆனது. அதே வருடம் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு அது அறிவியல்பூர்வமானதல்ல என்றது. 2010 மே மாதம் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில், நார்கோ (மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் பேசவைப்பது), பொய் கண்டறியும் கருவி, பிரெயின் மேப்பிங் மூன்றையும் ஒருவர் விருப்பமில்லாமல் செய்வது அரசியல் சட்டத்தின் 20(3), 21-ம் பிரிவுகளுக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்மதித்துச் செய்தாலும் அதன் முடிவு மட்டும் சாட்சியமாகாது.

15. கேஸ் ஜெயிச்சதும் ஃபீஸ் மொத்தமா தந்துடறோம். சரியா?

சரியில்லை. கேஸ் ஜெயித்தால்தான் காசு என்றால் என் கண் தானாகவே உங்கள் பக்கம் சாயும். வக்கீல்களுக்கே வெற்றியைப் பொறுத்து ஃபீஸ் பேச பார் கவுன்சில் விதிகளில் தடை இருக்கிறது. வேலைக்கும் நேரத்துக்கும் முன்கூட்டியே பேசி வாங்கிக்கொள்கிறேன். தர முடியாத குடும்பத்துக்குக் குறைக்கலாம், இலவசமாகவும் செய்யலாம். கடனாக மட்டும் செய்வதில்லை.

16. குறுக்கு விசாரணைன்னாலே கை நடுங்குது. என்ன பண்றது?

எனக்கும் நடுங்கும். கீழமை கோர்ட்டுகளில் சாட்சியம் தமிழில் பதிவாகும். 'பெர்சென்டைல்', 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' என்றால் டைப்பிஸ்ட் நிமிர்ந்து பார்ப்பார். நூறு பேர் வரிசை மாதிரி ஐந்தாம் கேள்வியில் சொன்னதை வீட்டில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். "இன்சூரன்ஸ் தரப்பு காசு கொடுத்ததா?" என்றால், "என் நேரத்துக்குக் கொடுத்தார்கள்" என்று சொல்லி நிறுத்துங்கள். தெரியாது என்பதைத் தெரியாது என்று சொல்லுங்கள். நம் கருத்து கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது என்பது நினைவிருந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

சோதனைப் புத்தகத்தையும் விடைத்தாளையும் திறந்த கோர்ட்டில் கொடுக்கச் சொன்னால், எதிர்த்தரப்பு அமர்த்தும் தகுதியுள்ள நிபுணருக்கு அல்லது மூடிய உறையில் நீதிபதிக்கு என்று கேட்டுப் பாருங்கள். காரணம் ஏழாம் கேள்வியில் இருக்கிறது. மதிப்பெண்களை மறைக்கக் கூடாது, கேள்வித்தாளைத்தான் காக்கிறோம்.

17. ரிப்போர்ட் பிரமாதம். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க, கேஸுக்குத் தேவையில்லை.

தகவல் பிழை என்றால் திருத்துவேன். தேதி, பெயர், எந்தப் பக்கத்துக் கை என்பது மாதிரி. கருத்தையோ, கருத்துக்கு அடிப்படையான வரலாற்றையோ எடுக்க மாட்டேன். இது பிறவியிலேயே வந்த ஞானம் இல்லை.

ஆரம்ப காலத்தில் ஒரு விபத்து வழக்கில், அந்த இளைஞனுக்குச் சின்ன வயதில் வலிப்பு இருந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். "பத்து வயசோட நின்னு போச்சு, இப்போ எதுக்கு மேடம்" என்றார் வக்கீல். எனக்கும் அது முடிவை மாற்றாது என்று தோன்றியது. எடுத்துவிட்டேன். எதிர்த்தரப்பு பழைய ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தது. "இது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள். "தெரியும்" என்றேன். "ரிப்போர்ட்டில் எங்கே?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பையனுக்கு விபத்தில் நிஜமாகவே பலத்த காயம். மீதிப் பதினோரு பக்கமும் சரியாகத்தான் இருந்தது. அதை யாரும் அப்புறம் படிக்கவில்லை.

இப்போது முதல் வரைவையே தேதி போட்டுக் கோப்பில் வைத்துவிடுகிறேன். யார் எந்த மாற்றம் கேட்டார்கள், நான் என்ன பதில் சொன்னேன் என்பதும் அதே கோப்பில் இருக்கும். அதைச் சொன்னதும் பாதிப் பேர் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள்.